காயமில்லாத லெஃப்ட் பேக்

பெரிய படுக்கை விரிப்பைத் தனி ஆளாக மடிக்க முடியாது. துணியைத் தேய்க்கும் சுடு உருளையிலிருந்து அது வெளியே வரும்போது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர வேண்டும். விறைப்பாக இழுத்து நீளவாட்டில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வர வேண்டும். வந்தவள் தன் முனைகளை எதிரில் நிற்பவளின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, தொங்கும் மடிப்பைப் பிடித்து நிமிர வேண்டும். ஒருத்தி அவசரக்காரியாக இருந்தால் விரிப்பு கோணிக்கொள்ளும்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறவளுக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது, வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. பதினேழு வயதில் கால்பந்து அணிப் பெண்கள் வைத்த பெயர் ஒத்தடம். கேலியாக வைத்ததுதான். இன்னொருத்திக்கு அடிபட்டால் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடுகிறவள் அவளாக இருந்தாள். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. எந்தப் பெயர் அப்போது முள்ளாகக் குத்தியதோ, அதை யாராவது ஒருமுறை சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்குவது, லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவருக்கும் பாதிதான் புரியும்.

"பந்து விளையாடினது ரெண்டு வருஷம். அதை நினைச்சுக்கிட்டிருக்கிறது இருபத்தாறு வருஷம்," என்பார் அவர். "என்னை நினைச்சு இப்படி ஒரு நாளாவது பெருமூச்சு விட்டிருப்பியா?"

"நீங்கதான் கண்ணு முன்னாடியே நிக்கிறீங்களே."

அணியில் பதினான்கு பெண்கள். எல்லோரும் ஒரே தொழிலாளர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். பயிற்சி கொடுத்தவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். கோலுக்கு முன்னால் நடுவில் தடுத்து நிற்கும் ஸ்டாப்பர் பேக்காக ஆடிய பெண்ணுக்கு அவர் சித்தப்பா. ஆகவே பதினான்கு பேருக்கும் சித்தப்பா. விசிலும் கையுமாகக் கோட்டோரம் ஓடுவார். "மூச்சு வாங்கறதை வீட்டுக்குப் போய் வெச்சுக்கங்கடி" என்பது அவருக்குத் தெரிந்த ஆட்ட நுணுக்கங்களில் பெரும்பகுதி. கேப்டனைத் தேர்ந்தெடுக்க மட்டும் மறுத்துவிட்டார்.

"எங்க அண்ணன் மகளை நானே கேப்டன் ஆக்கினா, நாளைக்கு உங்க அம்மாமாருங்க எல்லாம் என் வீட்டு வாசல்ல நிப்பாங்க. வேற யாரையாவது ஆக்கினா எங்க அண்ணி நிப்பாங்க. நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

பெண்கள் முடிவு பண்ணிய விதம் விசித்திரமானது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குப் பின்னால் இருந்த நீரேற்று அறையில் வட்டமாக உட்காருவார்கள். சிமெண்டுத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். மோட்டார் ஓடினால் சுவரெல்லாம் அதிரும். அங்கே அவரவர் காயத்தைக் காட்ட வேண்டும். அந்த ஆட்டத்தில் பட்ட காயமாக இருக்க வேண்டும். பட்ட பிறகு மைதானத்தை விட்டு வெளியேறியிருக்கக் கூடாது. எவளுடைய காயம் பெரியதோ அவள் அடுத்த ஆட்டத்துக்குக் கேப்டன். கையில் கட்டிக்கொள்ள ஒரு நீலப் பட்டை. கீறலைவிட வீக்கம் பெரிது, வீக்கத்தைவிட ரத்தம் பெரிது. நகம் பெயர்ந்தால் கணக்கில் வராது.

"எனக்குப் பல்லு ஆடுதுடி," என்று கோல்கீப்பர் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து காட்டுவாள்.

"அது ரெண்டு வருஷமா ஆடுது. மூடு வாயை, பூச்சி போயிடப் போகுது."

பத்தொன்பது ஆட்டங்களில் பதினான்கு முறை பட்டையைக் கட்டியவள் சித்தப்பாவின் அண்ணன் மகள். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் இரும்பு. முழங்காலில் பிளவு, புருவத்தில் வெட்டு, ஒருமுறை கால் கட்டைவிரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. எது நடந்தாலும் "முடியுமா?" என்று சித்தப்பா கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவார். "முடியும்" என்று பதில் வரும். வேறு பதில் அந்த அணியில் யாருக்கும் வாயில் வராது.

இரும்புக்கு இடப்புறம் லெஃப்ட் பேக்காக நின்றவள் ஒத்தடம். அவளுடைய தொல்லை, அவளுக்குக் காயமே படாது. எதிராளி எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்பது ஒரு கணம் முன்னதாகவே அவளுக்குத் தெரிந்துவிடும். நின்ற இடத்திலிருந்து காலை நீட்டிப் பந்தை எடுத்துவிடுவாள். விழ வேண்டிய அவசியமே வராது. நன்றாக ஆடியவள் என்று இதைக் கொண்டாட நான் தயங்குவேன். இரும்பு முன்னால் பாய்ந்து எதிராளியின் வேகத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டதால்தான் ஒத்தடத்துக்கு அந்த ஒரு கணம் கிடைத்தது. பாயும்போது இரும்பு "இடது!" என்று ஒரு குரல் கொடுப்பாள். நான் போகிறேன், விட்டுப்போகும் இடத்தை நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒத்தடம் அங்கே இருப்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

ஆனால் வட்டத்தில் உட்காரும்போது ஒத்தடத்தின் கைகால்கள் குளித்துவிட்டு வந்தவளைப் போலச் சுத்தமாக இருக்கும். அந்தப் பட்டை அவள் கொண்டுவந்த துணி. அதே சலவைக்கூடத்தில் அப்போது வேலை பார்த்த அவள் அம்மா, கிழிந்து கழித்த விரிப்பின் நீல ஓரத்தைக் கத்தரித்துக் கொடுத்தது. துணி கொடுத்தவளுக்கு அதைக் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஒருமுறைகூட வரவில்லை. பதினாறாவது ஆட்டம் முடிந்ததும் பொறுக்க மாட்டாமல் ஒரு காரியம் செய்தாள். எல்லோரும் உள்ளே போகும்வரை காத்திருந்து, நீரேற்று அறையின் வெளிச்சுவரில் முழங்காலை வைத்து அழுத்தித் தேய்த்தாள். ரத்தம் வந்தது. நொண்டிக்கொண்டே போய் வட்டத்தில் உட்கார்ந்தாள்.

இரும்பு குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள்.

"இது சுவர்ல தேச்சது."

"இல்லடி, செகண்ட் ஆஃப்ல விழுந்தேன்."

"புல்லுல விழுந்தா பச்சை இருக்கும், மண்ணு இருக்கும். இதுல சுண்ணாம்புதான் இருக்கு. எந்த டீம்லடி சுவரை இறக்கினாங்க?"

மோட்டார் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு எழுந்தது. ஒத்தடமும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம். அன்றைக்குத் தன் முழங்காலுக்குத் தானே ஒத்தடம் வைத்துக்கொண்டாள்.

இருபதாவது ஆட்டம் தொடரின் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே கோப்பை அவர்களுக்கு. முதல் பாதியில் உயரமாக வந்த ஒரு பந்துக்கு இரும்பும் எதிரணிப் பெண்ணும் ஒரே நேரத்தில் எம்பினார்கள். இரண்டு மண்டைகள் மோதிய சத்தம் கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. எதிரணிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரும்பு கையை ஊன்றி எழுந்தாள்.

"முடியுமா?"

"முடியும்!"

இரண்டாவது பாதியில் ஒத்தடம் கவனித்தாள். பந்து வலப்புறம் இருக்கும்போது இரும்பு "இடது!" என்று கத்தினாள். "ஸ்கோர் என்னடி?" என்று கேட்டாள். சொன்னதற்குத் தலையை ஆட்டினாள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதையே கேட்டாள். மூன்றாவது முறை ஒத்தடத்தைத் தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

மாற்று ஆட்டக்காரிகள் மூவரும் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள். இரும்பு வெளியேறினால் பத்துப் பேர். தவிர, ஒருத்தியின் அடியை இன்னொருத்தி போய்ச் சொல்வது அந்த அணியில் அதுவரை நடந்ததில்லை. ஒத்தடம் பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டு நேராக நடுவரிடம் ஓடினாள்.

"சார், அவளுக்குத் தலையில அடி. வெளியே அனுப்புங்க."

நடுவர் இரும்பின் கண்ணைப் பார்த்தார். பக்கத்தில் போய் மெதுவாக ஏதோ கேட்டார். பிறகு கோட்டுக்கு வெளியே கையைக் காட்டினார்.

அடுத்து நடந்ததைத்தான் ஒத்தடம் இருபத்தாறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரும்பு நடந்துகொண்டே பட்டையைக் கழற்றினாள். ஒத்தடத்தின் கை நீண்டது. நீட்ட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. உள்ளங்கை மேல்நோக்கி விரிய, அது தானாகவே நீண்டது. இரும்பு அந்தக் கையைத் தாண்டிப் போய் கோல்கீப்பரிடம் பட்டையைக் கொடுத்தாள்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து இரும்பு எப்போதும் நிற்கும் இடத்துக்கு நேராக வந்தது. அங்கே யாரும் இல்லை. எதிரணிக்காரி நிதானமாகத் தலையால் முட்டி உள்ளே தள்ளினாள். கோப்பை போயிற்று.

வட்டம் கூடியது. இரும்பைச் சித்தப்பா மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தார். அவளாக வெளியேறவில்லை, வெளியேற்றினார்கள் என்பதால், அவள் இல்லாமலே காயம் அவளுடையதுதான் பெரியது என்று முடிவாயிற்று. பட்டையை அவள் வீட்டில் சேர்ப்பிக்கக் கோல்கீப்பர் மடித்து வைத்துக்கொண்டாள். ஒத்தடத்தின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "கைய நீட்டினாளே, பாத்தீங்களா?" என்றாள்.

மருத்துவர் வெறும் வீக்கம்தான் என்று சொன்னதாகத் தகவல் வந்தது. இரண்டு நாள் ஓய்வு. அத்தோடு ஒத்தடத்தின் கட்சி தோற்றது. ஒரு கெடுதல் நடந்துவிட்டால் தடுக்க நினைத்தவள் சொன்னது சரி என்றாகும். நடக்காமலே போய்விட்டால், அவள் தடுத்ததால் நடக்கவில்லையா, அல்லது எப்படியும் நடந்திருக்காதா என்று யார் சொல்ல முடியும்? அந்த வயதுப் பெண்கள் வலியைத் தாங்குவதையும் அணியை நடத்துவதையும் ஒன்றாகவே நினைத்திருந்தார்கள். பெரியவர்களிலும் பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதற்காக ஒத்தடத்தைப் பெரிய தலைவி என்று சொல்லிவிடவும் அவசரப்படக் கூடாது. அவளுக்கே அது சந்தேகம். தோழியின் மண்டைக்காக ஓடினோமா, பட்டைக்காக ஓடினோமா? கை ஏன் நீண்டது என்று தெரியாத மனதுக்கு, கால் எதற்காக ஓடியது என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அணி அடுத்த ஆண்டு கூடவில்லை. ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்கு வேலை, சித்தப்பாவுக்கு முதுகுவலி. இரும்பு நகரத்தின் மறுகோடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். எட்டு வருடம் கழித்து ஒருநாள் பேருந்தில் ஒத்தடத்தைப் பார்த்ததும் எழுந்து முன்பக்கம் போய் நின்றுகொண்டாள். கை நீண்டதை அவள் பார்த்திருக்கிறாள் என்று ஒத்தடம் அன்றைக்கு முடிவுசெய்தாள்.

அந்த இரும்புதான் சென்ற மாதம், தான் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையை மூடியதால், சலவைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. புருவத்து வெட்டு அப்படியே இருந்தது. சூப்பர்வைசர் அவளை மடிப்பு மேசைக்குக் கூட்டிவந்து, "இவங்கதான் இங்க மூத்தவங்க. இவங்க சொல்றபடி செய்யுங்க," என்றார்.

இரும்பு ஒத்தடத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"சரிங்க மேடம். எங்க நிக்கணும்?"

அந்த "மேடம்" சுண்ணாம்புச் சுவரைவிட ஆழமாகத் தேய்த்தது.

பதினொரு நாள் இருவரும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. அறுநூறு முறை விலகி, அறுநூறு முறை நெருங்கி, முனைகளைக் கையில் வாங்கி. இரும்பு முதல் நாளே தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி எப்போது குனிவாள் என்பது இன்னொருத்திக்குச் சொல்லாமலே தெரிந்தது. "தண்ணி வேணுங்களா மேடம்?" "வேணாங்க." இதற்கு மேல் பேச்சு இல்லை. ஆனாலும் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி கண்ணாடி முன் நின்று தலையைச் சரிசெய்துகொள்வதை லிஃப்ட்காரர் கவனித்தார். "என்னம்மா, விரிப்பெல்லாம் உன்னைப் பாக்க வருதா?" என்றார்.

பன்னிரண்டாம் நாள் ஒத்தடம் கவனித்தாள். இரும்பு வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்கவில்லை. வலது முனையையும் இடக்கையாலேயே எட்டிப் பிடித்துப் பிறகு கை மாற்றினாள். ஒவ்வொரு விரிப்புக்கும் உதடு ஒருமுறை இறுகியது. பார்க்கத் தெரியாதவர்களுக்கு அது ஒன்றுமில்லை.

மேசை மூத்தவள் என்ற முறையில் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையணை உறை மேசைக்கு மாற்றிவிடுவார். அங்கே உட்கார்ந்து வேலை, கையைத் தூக்க வேண்டாம். ஒத்தடம் சூப்பர்வைசரின் அறை வரைக்கும் போனாள். கதவில் கை வைத்தாள். திரும்பி வந்துவிட்டாள்.

தேநீர் இடைவேளையில் அழுக்குத் துணி மூட்டைகள் அடுக்கிய முற்றத்தில் இரும்பு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒத்தடம் போய்ப் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள்.

"தோள்பட்டை எத்தனை நாளா வலிக்குது?"

"எனக்கா? ஒண்ணும் இல்லைங்களே."

"முடியுமா?"

கேட்ட பிறகுதான் எந்தச் சொல்லைக் கேட்டோம் என்பது ஒத்தடத்துக்கு உறைத்தது. இரும்பு தேநீரைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு ஏன்டி என்கிட்ட கேக்கல?" என்றாள். "நேரா ரெஃப்ரிகிட்ட போனியாமே."

"கேட்டிருந்தா போயிருப்பியா?"

"மாட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒத்தடத்துக்கு அந்த "டி" காதிலேயே நின்றது. அது போய்விடுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"நீ பட்டையைக் கழட்டினப்போ நான் கைய நீட்டினேன். பாத்தியா?"

"எனக்கு எதுவுமே தெரியாதுடி."

"தெரியாதுன்னா?"

"ஞாபகம் இல்ல. பந்து மேல வந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் டாக்டர் ரூம்ல ஃபேன் சுத்தினது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல. சித்தப்பாகிட்ட சொல்லல, டாக்டர்கிட்ட சொல்லல, கட்டிக்கிட்டவர்கிட்டகூட இன்னும் சொல்லல. சொன்னா என்ன பேரு மிஞ்சும்? அவளுங்க வந்து, பட்டைக்காக அவ உன்னை வெளியே தள்ளிட்டாள்னு சொன்னாளுங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன். இல்லன்னு சொல்ல என்கிட்ட என்ன இருக்கு?"

சலவைக்கூடத்தின் நீராவிக் குழாய் ஒருமுறை சீறி அடங்கியது. ஒத்தடம் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். எந்த ஒரு கண் அந்தக் கையைப் பார்த்து அதற்குத் தீர்ப்புச் சொல்லும் என்று இத்தனை காலம் காத்திருந்தாளோ, அந்தக் கண் அன்றைக்கு எதையுமே பார்க்கவில்லை. ஓடியது சரி என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் கை ஏன் நீண்டது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. அதைக் கேட்க இனி ஆளும் இல்லை.

"அப்போ பட்டையை யாருக்குக் குடுத்தேன்?" என்று இரும்பு கேட்டாள். "வீட்டுக்கு வந்திச்சு. யார் கையில இருந்து வந்திச்சுன்னு நான் கேக்கவே இல்ல. உனக்குத்தான் குடுத்தேனா?"

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. உண்மையாகவே கேட்டாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். மறுக்க அங்கே யாரும் இல்லை.

"இல்ல. கோல்கீப்பருக்கு."

"அந்தப் பல்லாடிக்கா!"

"என் கையைத் தாண்டிப் போய்க் குடுத்த."

இரும்பு ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"பட்டை இருக்கா?" என்று ஒத்தடம் கேட்டாள்.

"மாமியார் வீட்டு ஜன்னல் கொண்டி உடைஞ்சு கிடந்திச்சு. அதுல கட்டினேன். ரெண்டு மழைக்குத் தாங்கிச்சு." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "உறை மேசைக்கு நாளைக்குப் போறேன். சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ போய் நிக்காத."

மறுநாள் இரும்பு கூடத்தின் மறுகோடியில், உட்கார்ந்த இடத்திலிருந்து தலையணை உறைகளை மடித்தாள். ஒத்தடத்துக்கு எதிரே வந்து நின்றவள் புதிதாகச் சேர்ந்த இளம்பெண். வேகமாக நடந்து வருவாள். முனையைக் கொடுக்குமுன் விட்டுவிடுவாள். பன்னிரண்டு நாள் கிடைத்தது இனி கிடைக்காது என்று ஒத்தடத்துக்குத் தெரிந்தது. இந்த முறையும் அவள் கவனித்தது சரிதான். இந்த முறையும் அதனால் பக்கத்து இடம் காலியாயிற்று. உருளையின் ஆவிக்கு அப்பால் அந்த நரைத்த தலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

மதியத்துக்குச் சற்று முன் புதுப்பெண் ஒரு விரிப்பைப் பாதியிலேயே கைநழுவ விட்டாள். ஓரம் சரிந்து ஈரத்தரையை நோக்கிப் போயிற்று.

"ஒத்தடம், இடது!"

உருளைச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது குரல். ஒத்தடம் திரும்பிப் பார்க்கவில்லை. இடக்கையை வீசித் துணி தரையைத் தொடுமுன் பிடித்துவிட்டாள்.

"யாருக்கா அது, என்ன சொன்னாங்க?" என்றாள் புதுப்பெண்.

"உன்னை இல்ல. நீ மெதுவா நடந்து வா."

அன்றைக்கு மீதமிருந்த முந்நூறு விரிப்புகளையும் அவள் காதைத் தீட்டிக்கொண்டே மடித்தாள். குரல் மறுபடி வரவில்லை. வேண்டுமென்றே எதையும் கைநழுவ விடும் வயது அவளுக்குத் தாண்டிவிட்டது. ஆனால் கடைசி விரிப்பைக் கொஞ்சம் தளர்வாகத்தான் பிடித்திருந்தாள்.